எண்களாக வந்து சேர்ந்த செவ்வாய்

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலுக்குப் பின்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், ஏழாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகளுக்கு, விண்வெளி மேகமான கழுகு நெபுலாவின் படத்தைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருந்தேன். வாயுவும் தூசியும் தூண்களாக எழுந்து நிற்கும், 1995இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த படம் அது. "அத்தை, இது நிஜக் கலரா, இல்ல அவங்களா போட்டதா?" என்று கேட்டாள். போட்டதுதான் என்றதும் முகம் வாடிவிட்டது. அந்த வாட்டத்தைப் போக்குவதற்காக அன்று அவளிடம் சொன்னவற்றையே இங்கே எழுதுகிறேன்.

விண்கலங்கள் நமக்கு அனுப்புபவை எண்கள். 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்து சென்ற மாரினர் 4 எடுத்த ஒவ்வொரு படமும் 200க்கு 200 என்று 40,000 புள்ளிகள் கொண்டது. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 63 வரையிலான ஓர் எண். நொடிக்கு எட்டு பிட் (தகவலின் மிகச் சிறிய அலகு) என்பதற்குச் சற்றே கூடுதலான வேகத்தில் அவை பூமிக்கு வந்ததால், ஒரு படம் முழுதாக வந்து சேர எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பிடித்தது. கணினி அவற்றைப் படமாக்கித் தரும்வரை பொறுக்க மாட்டாத பொறியாளர்கள், எண்கள் அச்சான காகிதப் பட்டைகளை அருகருகே வரிசையாகப் பொருத்தி, ஓவியப் பொருள் விற்கும் கடையிலிருந்து பாஸ்டல் குச்சிகள் வாங்கிவந்து, இன்ன எண்ணுக்கு இன்ன நிறம் என்று கையாலேயே தீட்டினார்கள். விண்கலம் அருகில் சென்று எடுத்த செவ்வாயின் முதல் படம் மனிதக் கையால் அப்படித்தான் உருவானது. இதைப் படித்த நாளிலிருந்து எந்தக் கோளின் படத்தைக் கண்டாலும் எனக்கு அந்தக் குச்சிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

கழுகு நெபுலாவின் நிறங்களுக்கும் காரணம் உண்டு. அங்கே ஹைட்ரஜனும் கந்தகமும் உமிழும் ஒளி இரண்டுமே சிவப்பு. அப்படியே விட்டால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே ஹைட்ரஜனுக்குப் பச்சை, கந்தகத்துக்குச் சிவப்பு, ஆக்சிஜனுக்கு நீலம் என்று வகுத்தார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பதிவு செய்வதில் பெரும்பகுதி கண்ணுக்கே புலப்படாத அகச்சிவப்புக் கதிர்கள் என்பதால், நீண்ட அலைகளைச் சிவப்பாகவும் குறுகியவற்றை நீலமாகவும் மாற்றிக் காட்டுகிறார்கள். பென்னு சிறுகோள் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றில் நான்கு பங்கையே திருப்பி அனுப்புகிறது. கரியைப் போன்ற அந்தப் பாறைக் குவியலின் படத்தில் வெளிச்சத்தைக் கூட்டித்தான் நாம் பார்க்கிறோம். இவற்றில் எதையும் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஓவியர்களின் கற்பனைப் படங்கள் வேறு. 'நாசா எடுத்தது' என்று அவற்றுக்கு அடியில் எழுதிப் பரப்புவதுதான் என்னை உண்மையிலேயே வருத்துகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேலமாசி வீதிக் கடையில் ஒரு பாஸ்டல் பெட்டியும் கட்டம் போட்ட நோட்டும் வாங்கினேன். 2014 செப்டம்பரில் மங்கள்யான் ஏறத்தாழ 74,500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த செவ்வாயின் முழுவட்டப் படத்தைக் கணினியில் முப்பதுக்கு முப்பது கட்டங்களாகச் சுருக்கி, ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் 0 முதல் 9 வரையிலான எண்ணாக மாற்றி அவளிடம் கொடுத்தேன். படத்தைக் காட்டவில்லை.

முப்பது ஆண்டுகள் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட என் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடும்போது துணியில் வடிவம் எதுவும் தெரியாது. சாயம் ஏறிக் காய்ந்து, நூலைப் பிரித்த பிறகுதான் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். "ஒரு கட்டம் தப்புனா வரிசையே தப்பிரும்டி, எண்ணிப் போடு" என்று பேத்தியை எச்சரித்தபடியே இருந்தார். முதல் மூன்று வரிசையும் வெறும் 0 என்பதால் கறுப்பு மட்டுமே தீட்டிச் சலித்துப் போனவள், நான்காவது வரிசையின் நடுவில் முதன்முதலாக ஒரு 4 வந்ததும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தை, ஓரம் வந்துருச்சு."