அந்தியூரும் அத்தாணியும்

போன வருசம் தை மாசம். விடியால அஞ்சு மணிக்குப் போன் வந்தது. "அக்கா, ஆத்தாளுக்கு வேர்த்துக் கொட்டுதுங், பேச்சு கொழறுது. காத்து கருப்பு எதும் அடிச்சிருச்சான்னு தெரீல."

பேசியது அத்தாணி பக்கத்துக் காலனியிலிருந்து. வாரநாளெல்லாம் நான் கோபியில் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் காலனியின் சமுதாயக் கூடத்தில், ரிட்டயர்டான ஒரு அரசு டாக்டரோடு உட்கார்ந்து மாத்திரை கொடுப்பேன். ஃபீஸ் 20 ரூபாய். கோவை சித்தாபுதூரில் ஏழைகளுக்கு அதே காசில் வைத்தியம் பார்த்து, 2016ல் காலமான பாலசுப்ரமணியம் டாக்டர்மேல் எங்கள் டாக்டருக்கு அவ்வளவு மரியாதை.

ஆத்தாளால் முழுங்க முடிகிறது என்றார்கள். வெல்லம் கரைத்துக் கொடுங்கள், 108க்கும் கூப்பிடுங்கள் என்றேன். வண்டி வருவதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நடந்தது இதுதான். ஆத்தாளுக்குக் காலையில் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, இரவில் பிரஷருக்கு அம்லோடிபின். முந்தின மாசம் வரை இரண்டும் வேறு வேறு நிறம். கம்பெனி மாறியதும் இரண்டுமே சின்னச் சின்ன வெள்ளை மாத்திரையாகிவிட்டது. நான் அட்டையைக் கத்தரியால் வெட்டி எண்ணிக் கொடுத்தபோது பேர் இருந்த பாதி என் டப்பாவிலேயே தங்கிவிட்டது. ஆத்தா இரண்டையும் சுருக்குப்பையில் ஒன்றாகப் போட்டு வைத்து, ராத்திரி பிரஷர் மாத்திரை என்று நினைத்துச் சர்க்கரை மாத்திரையை முழுங்கியிருக்கிறார். சாப்பிடாமல் படுத்ததும் சேர்ந்துகொண்டு, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. தப்பு என்னுடையது. அன்றிலிருந்து பேர் இல்லாத துண்டு அட்டை யாருக்கும் கொடுப்பதில்லை.

மாத்திரை கிடைக்காத ஊர் இல்லை இது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்ததிலிருந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள், காசில்லாமல். மாத்திரை வீட்டுக்குள் போன பிறகுதான் சிக்கலே. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம்; எங்கள் ஈரோடு மாவட்டம் 73ஐக்கூடத் தொடவில்லை. அந்த மிச்சத்தில் இருப்பவர்கள்தான் கிளினிக் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள்.

அதனால் வகுப்பு ஆரம்பித்தோம். செவ்வாய், வெள்ளி, பொழுதோட ஏழரை மணிக்கு. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துப் புத்தகம் கையில் இருந்தும் முதல் நாள் அதைத் திறக்கவில்லை. மாத்திரைக் கவரைத்தான் வைத்தேன். காலை, மதியம், இரவு. 'மாலை' வந்தால் 'மதியம்' குழம்புகிறது, இரண்டும் 'ம'வில் ஆரம்பிப்பதால். டாக்டரிடம் சொல்லி மாலையை எடுத்தேவிட்டோம்.

பதினாலு பேர் வந்தார்கள். மஞ்சள் வெட்டு நடந்த மாசம். கிழங்கை ஒடித்து ஒடித்து விரலெல்லாம் மஞ்சள் ஏறிப்போய், நோட்டில் தொட்ட இடமெல்லாம் கறை. துடைக்கப் பார்த்த ஒரு அக்காவை, "இருக்கட்டும், விடுங்க" என்றேன்.

பஸ் போர்டைக் கேட்டவர்களும் அவர்களேதான். 'அந்தியூர்', 'அத்தாணி' இரண்டும் 'அ'. இரண்டாவது எழுத்தைப் பார்க்கணும் என்று பலகையில் எழுதி, 'ந்'தையும் 'த்'தையும் வட்டம் போட்டேன். ஒரு அக்கா எழுந்து போய் விரலால் அந்த 'ந்'தை இரண்டு தடவை தடவினார். இருபது வருசமாக ஒவ்வொரு தடவையும், "ஏனுங், இது அத்தாணி போகுங்களா?" என்று கேட்டே ஏறியிருக்கிறார். சிலர் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். அதைச் சொல்லும்போது குரல் கம்மியது.

எங்கம்மா தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்து வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றவர். ரேஷன் கடையில் முதல் கையெழுத்துப் போட்ட அன்று வீட்டில் பாயாசம் வைத்தார். எனக்கு அப்போது அது புரியவில்லை.

ஆத்தாளும் வகுப்புக்கு வருகிறார். விரல் கோணிப்போனதால் எழுத வராது, வாசிப்பு மட்டும்தான். போன ஞாயிறு நான் கொடுத்த கவரைக் கண்ணருகே பிடித்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்.

"கண்ணு, இதுல இரவுன்னு போட்டிருக்குது. டாக்டரு காலைலன்னுதான சொன்னாரு?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். காலைதான். கவரை மாற்றி எழுதிக் கொடுத்தேன். அதையும் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் சுருக்குப்பையில் வைத்தார்.