பென்டிரைவைப் பிடுங்கினால் படுத்துவிடும் கணினி

மொத்தம் 24 கணினிகள், எல்லாவற்றிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. டெபியனை ஏற்றும் நிரலான நிறுவி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதிய பிரிசீட் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, செருகிவிட்டு அடுத்த கணினிக்கு நகர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மென்பொருளாகவே ஓடும் மெய்நிகர் கணினியில் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தேன், ஒரு பிசகும் இல்லை. வினையே அதுதான். மெய்நிகர் கணினியில் பென்டிரைவ் கிடையாது. ஒரே ஒரு டிஸ்க், அதுவும் எதையுமே பார்த்திராத புத்தம்புது டிஸ்க்.

முதல் நிஜக் கணினியிலேயே, டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துப் பார்ட்டிஷன் போடும் கட்டத்தில் சிவப்புத் திரை வந்து நின்றது. ஆல்ட்டையும் எஃப்4-ஐயும் சேர்த்து அழுத்தினால் நிறுவியின் லாக் (செயல் பதிவு) ஓடும். அதில் பார்த்தால், லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயர்களில் பென்டிரைவ் எஸ்டிஏ ஆகவும், ஹார்ட்டிஸ்க் எஸ்டிபி ஆகவும் உட்கார்ந்திருந்தன. இவ்வளவுதானா என்று, பார்ட்டிஷன் போடும் பார்ட்மேனுக்கான பிரிசீட் வரியில் டிஸ்க்கின் பெயரை எஸ்டிபி என்று மாற்றினேன். கடைசிவரை ஓடி, நிறுவல் முடிந்தது என்றது. பென்டிரைவை உருவி அடுத்த கணினியில் செருகினேன்.

அங்கே நிறுவி வரவில்லை. ‘அப்படி ஒரு சாதனம் இல்லை’ என்று ஒரு நீளமான யூயூஐடி, அதாவது அடையாள எண், அதன் கீழே டெபியனை எழுப்பும் பூட் நிரலான கிரப்பின் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று ஒரு கருப்புத் திரை. பென்டிரைவ் செத்துவிட்டது என்று முடிவுகட்டினேன். திரும்பி வந்து பார்த்தால் முதல் கணினியும் பூட் ஆகும் டிஸ்க் எதுவும் இல்லை என்கிறது. அதே பென்டிரைவை மறுபடி அதில் செருகினால் டெபியன் ஜோராக எழுந்து வருகிறது! ஒரு மணி நேரம் பேய் ஓட்டாத குறை.

விஷயம் அந்த யூயூஐடியில் இருந்தது. அது முதல் கணினியில் இயங்குதளம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனுடையது. பார்ட்மேன் வரியை மாற்றிய நான், கிரப்பை எங்கே எழுதுவது என்ற வரியை எஸ்டிஏ என்றே விட்டிருந்தேன். பென்டிரைவை எஃப்ஏடி32 ஆக நானே தயாரித்திருந்ததால், முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் 1 எம்பி இடம் காலியாக இருந்தது. கிரப் அங்கே சுகமாகக் குடியேறி, ஏற்கெனவே இருந்த நிறுவியின் பூட் கோடை அழித்துவிட்டது. அதாவது, முதல் கணினியின் தலை பென்டிரைவில், உடம்பு ஹார்ட்டிஸ்கில். இரண்டு கோளாறு என்று நான் நினைத்தது ஒரே கோளாறு.

அன்றிலிருந்து டிஸ்க்கின் பெயரை எந்த வரியிலும் கையால் எழுதுவதில்லை. பார்ட்மேன் தொடங்குவதற்குச் சற்று முன் ஓடும் எர்லி கமாண்டில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்தேன். லிஸ்ட்-டிவைசஸ் என்ற கட்டளை தரும் டிஸ்க் பட்டியலை எடுக்கும். மவுன்ட் ஆகியிருக்கும், அதாவது நிறுவி திறந்து வைத்திருக்கும், பென்டிரைவை விலக்கும். மிஞ்சியதைப் பார்ட்மேனுக்கும் கிரப்புக்கும் ஒரே மாறியிலிருந்து கொடுக்கும். ‘ரிமூவபிள்’ என்ற அடையாளத்தை வைத்துப் பென்டிரைவைக் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றும். நானும் முயன்றேன். யூஎஸ்பியில் மாட்டிய எஸ்எஸ்டி, தன்னைக் கழற்ற முடியாத டிஸ்க் என்றே சொல்லிக்கொண்டது. விட்டுவிட்டேன்.

அடுத்தது பார்ட்டிஷன் அளவு. இதில் முழுத் தப்பும் என்னுடையது. பார்ட்டிஷன் அளவுகளை எழுதும் ரெசிபியில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் எம்பி கணக்கில் மூன்று எண்கள் வரும்: குறைந்தபட்சம், முன்னுரிமை, அதிகபட்சம். முன்னுரிமை என்ற பெயரைப் பார்த்ததும் சின்ன எண் போட்டால் முதல் இடம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ரூட்டுக்கு 20000, 20000, 60000. பயனர் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கு 10000, 50000, வரம்பு இல்லை. முடிவில் 1 டிபி டிஸ்க்கில் ரூட் 20 ஜிபியோடு நின்றுவிட்டது. முன்னுரிமை என்பது வரிசை எண்ணே இல்லை, அதுவும் ஓர் அளவுதான். அதிலிருந்து குறைந்தபட்சத்தைக் கழித்தால் வருவதுதான், மிச்ச இடத்தைப் பங்கு போடும்போது அந்தப் பார்ட்டிஷனின் பங்கு. என் ரூட்டுக்குப் பங்கு பூஜ்யம். பெயர் வைத்தவரைக் கொஞ்சம் திட்டிவிட்டு, நடு எண்ணை 60000 ஆக்கினேன்.

மூன்றாம் நாள்தான் உண்மையான தலைவலி. ஆறு கணினிகளில் முன்பு எல்விஎம்மோடு (பார்ட்டிஷன்களை வால்யூம் குரூப் என்ற தொகுப்பாக ஆளும் ஏற்பாடு) ஒரு லினக்ஸ் இருந்தது. பழைய எல்விஎம்மை நீக்கச் சொல்லும் வரி பிரிசீட்டில் இருந்தும், ஆறிலும் பார்ட்மேன் நின்றது. சரி என்று டிஸ்கின் முதல் சில எம்பியில் டிடி கட்டளையை வைத்துப் பூஜ்யத்தை எழுதினேன். பார்ட்டிஷன் அட்டவணையான ஜிபிடி தன் பிரதியை டிஸ்கின் கடைசியில் வைத்துக்கொள்ளும் என்பதால் கடைசிச் சில எம்பியையும் துடைத்தேன். டிஸ்க் எங்கே முடிகிறது என்பதை, வன்பொருள் விவரங்கள் கிடைக்கும் சிஸ் கோப்பகத்தில் இருக்கும் சைஸ் கோப்பு சொல்லும், எப்போதும் 512 பைட் கணக்கில். முன்னும் பின்னும் துடைத்தாயிற்று, மறுபடி ஓட்டினால் பழைய வால்யூம் குரூப் அதே பெயரில் வந்து நிற்கிறது. பழைய குருடி கதவைத் திறடி!

இதைப் புரிந்துகொள்ள ஒரு முழு மாலை போயிற்று. எல்விஎம்மின் அடையாளக் குறியான லேபிள் டிஸ்கின் தொடக்கத்தில் இல்லை, அது இருந்த பார்ட்டிஷனின் தொடக்கத்தில் இருக்கிறது. நான் அட்டவணையை அழித்தேனே தவிர, டிஸ்கின் நடுவில் கிடந்த லேபிளைத் தொடவே இல்லை. புதிய அட்டவணையிலும் ஒரு பார்ட்டிஷன் அச்சு அசலாக அதே செக்டரில் தொடங்கியது. எல்விஎம் அதைத் திறந்து பார்த்ததும் பழைய லேபிள் சமர்த்தாகக் கையைத் தூக்கிவிட்டது. பழைய ரெசிபியும் நான் எழுதியதுதான் என்பதால் செக்டர் பொருந்தியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே வரிசையை மாற்றினேன். முதலில் வால்யூம் குரூப்பை இயக்கத்திலிருந்து நிறுத்துவது, பிறகு பழைய பார்ட்டிஷன் ஒவ்வொன்றின் முதல் எம்பியையும் துடைப்பது, கடைசியில்தான் அட்டவணை. அட்டவணையை முதலில் அழித்துவிட்டால் பார்ட்டிஷன்கள் எங்கே தொடங்கின என்று சொல்ல ஆள் இல்லை.

புதிய கணினிகள் பத்திலும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி. டிஸ்க் பெயருக்குப் பின்னால் வெறுமனே 1 ஒட்டிக்கொண்டிருந்த என் ஸ்கிரிப்ட் அங்கே தடுக்கி விழுந்தது. என்விஎம்இயில் நடுவே ஒரு ‘பி’ வேண்டும். ஐந்து நிமிட வேலை.

அவற்றில் நான்கு கிரப் கட்டத்தில் தோற்றன, ஆறு தேறின. ஒரே மாடல், ஒரே கோப்பு. லாக்கில், இந்த ஜிபிடியில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை, உள்ளே பதிக்க முடியாது என்று இருந்தது. பயாஸ் பழைய பூட் முறை, யூஇஎஃப்ஐ புதியது. யூஇஎஃப்ஐ கணினியில் பயாஸ் எங்கிருந்து வந்தது? பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை வருகிறது, ஒன்றில் யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு, இன்னொன்றில் அது இல்லாமல். அவசரத்தில் நான்கு தடவை இரண்டாவதைத் தேர்ந்திருக்கிறேன். நிறுவி எந்த வழியில் பூட் ஆனதோ அந்த வழிக்கான கிரப்பைத்தான் போடும். நான் போட்டிருந்தது இஎஃப்ஐ பார்ட்டிஷன், அது கேட்டது 1 எம்பி பயாஸ் பூட் பார்ட்டிஷன். ரெசிபியைக் குறை சொல்லிப் பயனில்லை. சிஸ் கோப்பகத்தின் கீழ் ஃபர்ம்வேர் என்ற கோப்பகத்தில் இஎஃப்ஐ என்ற துணைக் கோப்பகம் இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லாவிட்டால் பயாஸ். இப்போது என் ஸ்கிரிப்ட் முதலில் அதைத்தான் பார்க்கிறது, பிறகு இரண்டு ரெசிபிகளில் பொருந்துவதை எடுக்கிறது.

கடைசியாக இரண்டு கணினிகள் பாக்கி. நிறுவல் முடிந்து எழும், ரீபூட் செய்தாலும் எழும், மின்சாரத்தை நிறுத்திப் போட்டால் டெபியன் என்ற பெயரே பூட் பட்டியலில் இருக்காது. நிறுத்துவதற்கு முன், பூட் பட்டியலைக் காட்டும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளை காட்டிய பதிவு, மறுபடி போட்டதும் காணவில்லை. தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் தன் நினைவில் எழுதியதை மறக்கிறது, எனக்கு அதைத் திருத்தத் தெரியாது. ஆனால் பென்டிரைவுக்கு எந்தப் பதிவும் இல்லாமலே அது பூட் ஆகிறதே என்று யோசித்தபோது வழி கிடைத்தது. பதிவு இல்லாத டிஸ்க்கில் ஃபர்ம்வேர், இஎஃப்ஐ கோப்பகத்துக்குள் பூட் என்ற கோப்பகத்தில் பூட்எக்ஸ்64 என்ற கோப்பைத் தேடும். கிரப்பின் ஒரு பிரதியை அங்கேயும் வைக்கச் சொல்ல பிரிசீட்டில் தனி வரி உண்டு. அதைச் சேர்த்து இரண்டிலும் மறுபடி நிறுவினேன். பிளக்கைப் பிடுங்கி, பத்து எண்ணி, மறுபடி செருகினேன். இரண்டும் எழுந்தன. பென்டிரைவ் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது.