கச்சான் காற்று விழுத்தியவை

வைகாசி பிறந்து, தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று எழும்பினால் திருகோணமலையில் கூரைத் தகரங்கள் இரவெல்லாம் தடதடக்கும். பகலில், நான் வேலை செய்யும் மிருக வைத்திய நிலையத்துக்கு அணில் குட்டிகள் வரத் தொடங்கும். தென்னை வட்டுக்குள்ளும் ஓட்டுக்கு அடியிலும் தும்பும் பஞ்சும் சேர்த்துத் தாய் அணில் கட்டிய கூட்டைக் காற்று பிடுங்கி எறிந்துவிடும். பால்மாப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள், தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள், ஒருமுறை பென்சில் பெட்டிக்குள்கூட ஒன்று வந்தது. எங்களுக்கு நாயும் மாடும்தான் பிழைப்பு. அணிலுக்குப் பற்றுச்சீட்டு எழுதுவது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரும்பாலும் எழுதுவதில்லை.

பதினொரு வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பதும் விலங்குகளைப் பிடித்துக்கொள்வதும் என் வேலை. டொக்டர் கிண்ணியாவுக்கோ தம்பலகாமத்துக்கோ மாடு பார்க்கப் போய்விட்டால், அணில் வழக்குகளுக்கு நான்தான் நீதிபதி. அந்தத் துணிச்சலில் கொடுத்த தீர்ப்புகளில் ஒன்றிரண்டு இன்னும் தொண்டையில் நிற்கின்றன.

கொண்டுவருகிறவர்களின் அன்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அணிற்பிள்ளை என்றுதானே சொல்கிறோம். கீரிக்கும் கிளிக்கும் தென்னங்கன்றுக்கும் கொடுத்த அதே பட்டம். இராமர் தடவிய மூன்று கோட்டுக் கதை இங்கும் எல்லோருக்கும் மனப்பாடம். கோணேசர் மலையில் இராவணன் வாளால் பிளந்ததாகச் சொல்லும் பாறைப் பிளவை, இராவணன் வெட்டைக் காட்டிப் பெருமைப்படும் ஊரில், இராமருக்கு அணை கட்ட மண் சுமந்த அணிலுக்கு இவ்வளவு செல்லம் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கைதான். ஆனால் அந்தச் செல்லம் முதலில் கரைத்த பால்மாவாகத்தான் குட்டியின் வாய்க்குள் போகிறது.

கண் திறக்காத குட்டி ஒரு விரல் நீளம் இருந்தால் அதிகம். உடம்பு குளிர்ந்து கிடக்கும்போது அதற்கு எதுவும் செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் ஆகாரம். இது தெரியாமல், மல்லாக்கப் பிடித்துக்கொண்டு துளித்துளியாகப் பாலை விடுவார்கள். சற்று நேரத்தில் மூக்கில் ஒரு வெள்ளைக் குமிழி வரும். அந்தக் குமிழியைக் கண்டால் எனக்குக் கை தளர்ந்துவிடும். பால் நுரையீரலுக்குப் போய்விட்டது. அதில் தப்பினாலும் மாட்டுப் பால் கழிச்சலில் கொண்டுபோய் விடும். இந்த வயதில் தாய் நக்கிவிட்டால்தான் சிறுநீர் போகும் என்பதும், அதற்குப் பதிலாக ஈரப் பஞ்சால் ஒற்றிவிட வேண்டும் என்பதும் வீட்டில் யாருக்குத் தோன்றும்?

உவர்மலையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் கனடாவில். அவர் வளர்த்த அணில் இந்தக் கண்டங்களையெல்லாம் தாண்டி இரண்டு வருடம் இருந்தது. சேலைத் தலைப்புக்குள் தூங்கும், கூப்பிட்டால் தோளுக்கு ஏறி வரும். ஒருநாள் எங்கள் மேசையில் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. விழுந்ததா என்று டொக்டர் கேட்டார். இல்லை. என்ன சாப்பிடுகிறது? மாரி பிஸ்கட், கச்சான், சில நேரம் பாலில் நனைத்த பாண்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காற்றுக்கும் நிலக்கடலைக்கும் ஒரே பெயர். கச்சான் விழுத்தியதைக் கச்சான் கொடுத்து வளர்க்கிறோம். அதில் கல்சியம் மிகக் குறைவு, பொஸ்பரஸ் கூடுதல். வீட்டுக்குள்ளேயே இருந்த அணிலுக்கு வெயிலும் கிடையாது. உடம்பு தனக்கு வேண்டிய கல்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்திருந்தது. தொடையைத் தடவினேன். எலும்பு முருங்கை ஈர்க்குப் போல வளைந்திருந்தது. முன்பற்கள் மேலண்ணத்தைத் தொடும் அளவுக்கு நீண்டிருந்தன. அணிலின் முன்பல் சாகும்வரை வளரும், எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தால்தான் தேயும். நனைத்த பாணில் என்ன தேயும்?

"நான் ஒரு குறையும் வைக்கவில்லையே, தம்பி," என்றார் அந்த அம்மா. அது உண்மை. பற்களைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கண்டிப்பு வந்துவிட்டது. யார் அணிலோடு வந்தாலும், "காட்டு உயிரை வீட்டில் வைக்கக் கூடாது, கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்பேன். 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தையும் இழுத்துவிடுவேன், அதன் அட்டவணைகளில் எந்த உயிர் எங்கே இருக்கிறது என்று படித்துப் பார்த்திராமலே. சாம்பல்தீவிலிருந்து வந்த ஒரு பையனுக்கும் அப்படித்தான் சொன்னேன். ஐந்து மாதம் வளர்த்திருந்தான். நல்ல பிள்ளை, அன்று மாலையே மாமரத்தில் விட்டுவிட்டான். அடுத்த வாரம் நாய்க்குப் பூச்சி மருந்து வாங்க வந்தவனிடம் நானாகக் கேட்டேன். அவர்கள் வீட்டுப் பூனையோடு ஒரே சாக்கில் படுத்து வளர்ந்த அணில் அது. அயல்வீட்டுப் பூனையிடமும் அப்படியே போயிருக்கிறது.

"நீங்கள்தானே அண்ணா விடச் சொன்னீர்கள்," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. மிச்சக் காசை எண்ணி வாங்கிக்கொண்டு போனான்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் நிலையத்துக்கு அருகே நின்ற புள்ளிமான்களைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத்துக்குள்ளும் அவை பாட்டுக்குத் திரிகின்றன. கூண்டில்லை, கயிறில்லை. யாரோ நீட்டும் பணிசைத் தின்கின்றன, குப்பையில் பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன. அவற்றை யாரும் வளர்க்கவில்லை. காட்டில் இருக்கின்றன என்றும் சொல்ல முடியாது. வீடா காடா என்று நான் மேசைக்குப் பின்னாலிருந்து போட்ட கோடு இந்த ஊர் வீதியிலேயே அழிந்து கிடந்தது.

இன்னொன்று. 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம், பயிரை அழிக்கும் விலங்குகளைக் கணக்கெடுத்தார்கள். குரங்கு, மயிலோடு பெரிய உடம்புள்ள மலையணிலும் அந்தப் பட்டியலில் இருந்தது. இளநீரைக் குடைகிறது என்று மலையணிலைத் திட்டித் திட்டி எண்ணிக் கொடுத்த ஒருவர், இரண்டு மாதம் கழித்து வரியணில் குட்டியோடு என் முன்னால் கண் கலங்கி நின்றார். உள்ளங்கைக்குள் அடங்குவதும் ஒரு கொடுப்பினைதான்.

இப்போதெல்லாம் தீர்ப்புச் சொல்வதில்லை. முதல் கேள்வி, "எந்த மரம்?" அடுத்தது, "எப்போது விழுந்தது?" காயமில்லாமல், பொழுதும் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். குட்டியைச் சூடாக்கி, சின்னக் கூடையில் தும்பு பரப்பி, அதே மரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டுத் தள்ளிப் போய் நிற்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். தள்ளி நிற்பதுதான் ஆட்களுக்கு முடியாத காரியம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் எட்டிப் பார்ப்பார்கள்.

ஆடி மாதம் பாலையூற்றிலிருந்து ஒருவர் கிசுகிசுத்த குரலில் தொலைபேசியில் பேசினார். "வந்துவிட்டது தம்பி. வாயால் கவ்வித் தூக்குகிறது." கால் மணி நேரத்தில் இரண்டாவதையும் தூக்கிப் போனது. மூன்றாவதுக்கு வரவில்லை. இருட்டிய பிறகு அதை என்னிடம் கொண்டுவந்தார்.

அது மருந்து அறையின் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. நாய்க்குட்டிக்குக் கொடுக்கும் மாற்றுப் பாலை ஊசியில்லாத சிரிஞ்சால், குப்புறப் பிடித்துக் கொடுத்தேன். பெயர் வைக்கவில்லை. வளர்ந்த பிறகு பெரிய கூடு, கொறிக்க ஓட்டுத் துண்டும் மரப்பட்டையும், முருங்கைப் பூ, கொய்யா. பூனைச் சத்தம் கேட்டால் உறைந்து நிற்கிறது என்பதைக் கவனித்து மகிழ்ந்தேன். பத்து வாரத்தில் அணில் பால் மறந்துவிடும். அதற்கு மேல் ஜன்னலைத் திறந்து வைத்துவிட வேண்டியதுதான்.

நேற்று டொக்டர் குளிரூட்டியில் தடுப்பூசி எடுக்க வந்தவர் அலுமாரியை நிமிர்ந்து பார்த்தார்.

"இதற்கு இப்போது எத்தனை வாரம்?"

"பதின்மூன்று, டொக்டர். காற்று அடங்கட்டும் என்று பார்க்கிறேன்."

அவர் ஒன்றும் சொல்லாமல் ஊசி மருந்தோடு போய்விட்டார். வெளியே நான்கு நாளாக ஓர் ஓலைகூட அசையவில்லை.