அரிசிக்குப் பன்மை இல்லை, பட்டாணிக்கு உண்டு

ரங்கூன், ஜூன் 9

மாலை வகுப்பில் ஆங்கிலத்தின் எண்ணக்கூடிய பெயர்களையும் எண்ணமுடியாப் பெயர்களையும் தொடங்கினேன். எண்ண முடிந்தால் முதல் வகை, முடியாவிட்டால் இரண்டாம் வகை என்று கையேடுகள் கூறும் விளக்கம் ‘ஃபர்னிச்சர்’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறது. அறையிலிருந்த பெஞ்சுகளை எண்ணிக் காட்டிய மாணவி, “எண்ண முடிகிறதே சயா (பர்மியத்தில் ஆசிரியர்), பிறகு ‘ஃபர்னிச்சர்ஸ்’ ஏன் தவறு?” என்று கேட்டாள். கேள்வி நியாயமானது, எண்ணப்படாதது பொருள் அன்று, அந்தப் பெயர்தான்.

ஜூன் 11

பயறு வணிகம் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. இங்கு விளையும் உளுந்து இந்தியாவுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாகிறது. ஆகவே, அரிசியையும் காய்ந்த பட்டாணியையும் மேசையில் கொட்டிப் பாடம் நடத்தினேன். இரண்டும் மணிகளே, ஆயினும் அரிசி ‘ரைஸ்’ என்று ஒருமையிலேயே நின்று ‘மச்’, ‘லிட்டில்’ ஆகியவற்றை ஏற்க, பட்டாணி ‘பீஸ்’ என்று பன்மையாகி ‘மெனி’, ‘ஃப்யூ’ ஆகியவற்றை ஏற்கிறது. மணியின் பருமன் இதற்குக் காரணம் என்பாருக்குக் கோதுமையும் ஓட்ஸும் போதும்: ‘வீட்’ ஒருமை, ‘ஓட்ஸ்’ பன்மை.

பட்டாணியின் கதை இன்னும் சுவையானது. முன்பு ‘பீஸ்’ என்பதே, அரிசியைப் போல, ஒருமையாக வழங்கிய தானியப் பெயர். அதன் இறுதி ஒலியைப் பன்மை விகுதி என்று மக்கள் கொண்டுவிட்டதால், 17ஆம் நூற்றாண்டில் ‘பீ’ என்ற புதிய ஒருமை பிறந்தது. பட்டாணி மாறவில்லை, காது மாறியது.

ஜூன் 14

பர்மியத்தில் எண்ணுக்குத் துணைச்சொல் வேண்டும்: மனிதருக்கு ‘யவுக்’, விலங்குக்கு ‘கவுங்’, உருண்டைப் பொருளுக்கு ‘லோங்’, பிக்குகளுக்குத் தனியே ‘பா’. பள்ளியில் நாள் முழுதும் அம்மொழியில் புழங்கும் நம் பிள்ளைகளுக்கு ‘ஏ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ (இங்கே ‘பீஸ்’ என்றால் துண்டு, அதாவது ஓர் அறிவுரை) என்ற அமைப்பு வியப்பளிப்பதில்லை. வீட்டுத் தமிழில் அறிவுரைகள், தகவல்கள் என்று தயங்காமல் சொல்லிப் பழகியதால்தான் ‘அட்வைசஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘த்ரீ புக்’ என்று விகுதியை விட்டுவிடுவதற்கோ இரு மொழிகளும் உடந்தை. “மூன்று புத்தகம்” என்றால் நமக்கும் உறுத்துவதில்லை.

ஜூன் 16

பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பயில்வோருக்கான அகராதிகள் சொல்லுக்கு அருகில் ‘சி’ (எண்ணக்கூடியது) அல்லது ‘யு’ (எண்ணமுடியாதது) என்று குறித்திருப்பதைப் பார்க்கப் பழக்குகிறேன். இரண்டு குறிகளும் சேர்ந்து வரும் சொற்களில்தான் கவனம் தேவை: ‘பேப்பர்’ என்றால் காகிதம், ‘ஏ பேப்பர்’ என்றால் செய்தித்தாள், ‘கிளாஸ்’ என்றால் கண்ணாடி, ‘ஏ கிளாஸ்’ என்றால் குவளை. தேநீர்க்கடையில் ‘டூ டீஸ்’ என்று கேட்பதும் சரியே. ‘நியூஸ்’ என்பதன் இறுதியில் பன்மை ஒலி கேட்டாலும் வினை ஒருமையில்தான் வரும்.

‘ஹேர்’ என்ற சொல்லை மட்டும் யாருக்கும் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை: தலையில் இருக்கும் வரை அது எண்ணமுடியாப் பெயர், குழம்பில் ஒன்று கிடந்தால் ‘ஏ ஹேர்’.