மூலக்கூறு நோயறிதல் செய்முறைத் தேர்வு: இரண்டாம் முறை தேறியவரின் குறிப்புகள்

முந்தாநாள் முடிவு வந்தது. தேறிவிட்டேன். போன முறை இதே செய்முறையில்தான் விழுந்தேன், அதனால் மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

போன முறை கொடுத்தது கோழி எச்சம். அதில் இருப்பது எந்த ஐமீரியா (கோழிக் குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி) சிற்றினம் என்று சொல்ல வேண்டும். நுண்ணோக்கியில் ஊசிஸ்டுகள் (எச்சத்தோடு வெளிவரும், கெட்டிச் சுவர் கொண்ட அதன் முட்டை போன்ற நிலை) கொட்டிக் கிடந்தன. பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பெருக்கும் முறை) முடித்து ஜெல்லில் ஓட்டினால், பெருகிய டிஎன்ஏவைக் காட்டும் பட்டை என் மாதிரிக்கு ஒன்றுகூட இல்லை. நேர்மறைக் கட்டுப்பாடு (கட்டாயம் பட்டை தர வேண்டிய ஒப்பீட்டு மாதிரி) மட்டும் பளிச்சென்று வந்திருந்தது. அதை நம்பி ‘எதிர்மறை’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கட்டுப்பாடு ஏற்கெனவே பிரித்துவைத்த டிஎன்ஏ. பிசிஆர் ஓடியதற்கு மட்டுமே அது சாட்சி. என் ஊசிஸ்டுகள் உடையவே இல்லை! ப்ளீச்சையே தாங்கும் சுவர் அது, புரதத்தைச் செரிக்கும் நொதியான புரோட்டினேஸ் கே மட்டும் ஊற்றினால் அசையுமா?

இந்த முறை செய்தவை:

- ஊசிஸ்டுகள் கெடாமலிருக்க டைகுரோமேட் கரைசலில் வைத்திருந்த மாதிரியை மஞ்சள் நிறம் போகும்வரை கழுவினேன். மிச்சம் இருந்தால் பிசிஆரைக் கெடுக்கும்.
- கண்ணாடி மணிகள் போட்டு வேகமாகக் குலுக்கினேன். ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து, சுவர் உடைந்ததைப் பார்த்த பிறகே அடுத்த வேலை. வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.
- டிஎன்ஏவை 10 மடங்கு நீர்த்து இன்னொரு குழாயும் ஓட்டினேன். நீர்த்ததில் மட்டும் பட்டை வந்தால், எச்சத்திலுள்ள பித்த உப்பு போன்ற ஏதோ ஒன்று தடுக்கிறது என்று அர்த்தம்.

கோழியின் 7 ஐமீரியா சிற்றினங்களையும் ஒரே குழாயில் பார்க்கும் மல்டிபிளெக்ஸ் பிசிஆர் எனக்கு ஒத்துவரவில்லை. கலப்புத் தொற்றில் ஒன்றின் டிஎன்ஏ மிகுந்தால் மற்றது மங்கிப்போகும். நான் பதற்றப்படும் ஆள், தனித்தனிக் குழாய்தான் நிம்மதி. நேரம் கூடுதலாகும், பரவாயில்லை.

வாய்மொழித் தேர்வில், நுண்ணோக்கி இருக்க பிசிஆர் எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். மாக்ஸிமா என்ற சிற்றினத்தை ஊசிஸ்டின் பெரிய அளவை வைத்து ஊகிக்கலாம். டெனெல்லா, நெகாட்ரிக்ஸ் இரண்டின் ஊசிஸ்டுகளும் அளவில் ஒன்றோடொன்று கலந்துவிடும். நெகாட்ரிக்ஸ் புண் நடுக்குடலில் இருந்தாலும் ஊசிஸ்ட் உருவாவது சீக்கத்தில் (குடல்வால் பை), டெனெல்லாவின் இடத்திலேயே. அடுத்து, பிசிஆரில் தேட 18எஸ் என்ற ரைபோசோம் மரபணு இருக்க, அதன் பக்கத்து டிஎன்ஏ பகுதியான ஐடிஎஸ்-1 ஏன்? டெனெல்லா, நெகாட்ரிக்ஸ் இரண்டுக்கும் 18எஸ் வரிசை ஏறத்தாழ ஒன்றுதான். ஐடிஎஸ்-1 நன்றாக வேறுபடும். ஆனால் மாக்ஸிமாவுக்குள்ளேயே அதில் நீளம், குட்டை என இரண்டு வடிவங்கள் உண்டு. பிரைமர் (பெருக்க வேண்டிய பகுதியில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டு) பற்றிக் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சிற்றினங்கள் எத்தனை என்றால் ஏழோடு நிறுத்தாதீர்கள். 2021-இல் லாட்டா, நகாம்பி, ஜாரியா என்று மூன்றுக்குப் பெயர் வைத்தார்கள். பழைய ஏழுக்கான பிரைமர்களை மட்டும் ஓட்டினால் இவை தப்பிவிடலாம்.

கடைசியாக, தேர்வாளர் காலியான ஜெல் படம் ஒன்றை நீட்டி, அறிக்கையில் என்ன எழுதுவீர்கள் என்றார். “நுண்ணோக்கியில் ஊசிஸ்ட் இருந்ததா சார்?” என்று கேட்டேன். தலையாட்டிவிட்டு மதிப்பெண் தாளை எடுத்தார்.