மொதல்ல காலு, அப்புறம்தான் மோட்டார்

பாராமோட்டார், அதாவது முதுகுல மோட்டாரும் தலைக்கு மேல பாராசூட் மாதிரி ஒரு துணி விங்கும் வச்சு பறக்கறது, அத கத்துக்கப் போறேன்னு சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், இன்ஜின் நடுவானத்துல நின்னுட்டா என்ன பண்ணுவேன்னு. நின்னா ஒண்ணும் ஆகாதுங்க, தலைக்கு மேல விரிஞ்சிருக்கிற விங் பாட்டுக்கு மிதந்து மெதுவா இறக்கி விட்டுடும். அதனாலதான் எப்பவும் இறங்கறதுக்கு ஒரு வெட்டவெளி கண்ணுல இருக்கற மாதிரியே பறக்கணும். எனக்கு பயமே கீழதான், தரையில ஓடுற அந்த இருபது முப்பது அடியிலதான்.

ஆறு வாரம் மோட்டாரையே தொட விடல. கோலாலம்பூர் செந்தூல்ல எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற திடல்ல சாயங்காலம் சாயங்காலம் விங்கை மட்டும் விரிச்சு தூக்கி, தலைக்கு மேல நிப்பாட்டி வைக்கிறதுதான் பயிற்சி. விங் இடது பக்கம் சாஞ்சா கைய இழுக்கத்தான் தோணும், ஆனா மொதல்ல கால்தான் போகணும், அது எந்தப் பக்கம் விழுதோ அதுக்கு அடியில போய் நாம நிக்கணும். இத எழுதறதுக்கு ஒரு வரி, உடம்புல ஏறறதுக்கு எனக்கு ஒரு மாசம் ஆச்சு. அதுவும் கோலாலம்பூர் சாயங்காலம் தெரியும்ல, மேகம் கறுத்து திடீர்னு காத்து மாறுச்சுன்னா எவ்ளோ ஆசையா இருந்தாலும் சுருட்டி பைக்குள்ள வச்சிடணும், இடி மழைக்கு முன்னாடி வர்ற காத்துகிட்ட விளையாட முடியாது.

மோட்டாரோட பறக்கிறதுக்கு சிட்டிக்குள்ள வழியே இல்ல, ஒரு பக்கம் சுபாங், இன்னொரு பக்கம் செப்பாங்னு ரெண்டு ஏர்போர்ட். அதனால காலையில அஞ்சு மணிக்கே கெளம்பி கோல லங்காட் பக்கம் போனோம், பந்திங் ஊரைத் தாண்டி செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்த ஒட்டி ஒரு புல்தரை. எவ்ளோ உயரம் போகலாம், எந்தப் பக்கம் போகக்கூடாதுங்கறத எல்லாம் கத்துக் குடுக்கிற அண்ணன் முன்னாடியே பார்த்து வச்சிருந்தாரு. கிள்ளான்காரர், அதிகம் பேச மாட்டாரு.

புல்லுல பனி. விங் நனைஞ்சா கனம் ஏறி மேல எழும்பவே அடம் பிடிக்கும், அதனால வெயில் கொஞ்சம் ஏறட்டும்னு காத்திருந்தோம். அதுக்குள்ள கயிறு எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா பார்த்தேன். அங்க தொட்டாச்சிணுங்கி நெறைய. நூல் மாதிரி இருக்கிற கயிறு அந்த முள்ளுல மாட்டுச்சுன்னா விங் ஒரு பக்கம் மட்டும் எழும்பி திரும்பிடும், குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொண்ணா எடுத்து விட்டேன், தொட்டதும் இலை எல்லாம் மூடிக்குது, முள்ளு மட்டும் அப்படியே நிக்குது.

25 கிலோவுக்கு மேல இருக்கிற மோட்டாரை முதுகுல மாட்டினதும் ஆறு வாரம் பழகின காலே வேற யாரோட காலோ மாதிரி ஆயிடுச்சு. ஓடினேன், விங் நேரா மேல வந்துச்சு, த்ராட்டில் முழுசா அழுத்தினேன், முதுகுல யாரோ ரெண்டு கையும் வச்சு தள்ற மாதிரி இருந்துச்சு, கால் லேசாச்சு, உடனே சீட்டுல உட்கார்ந்துட்டேன். அதுதான் தப்பு. லேசாகறது வேற, தூக்கறது வேற. முட்டி தரையில பட்டு அப்படியே நின்னுட்டேன், நல்லவேளை கைவிரல் அதுக்குள்ள இன்ஜினை நிறுத்தற சுவிட்ச்ச அமுக்கிடுச்சு, ப்ரொப்பெல்லருக்கு ஒண்ணும் ஆகல.

அண்ணன் ஓடி வந்து காலை பார்த்தாரு, அப்புறம் கயிறை பார்த்தாரு. "தங்கச்சி, பூமி உங்கள விடறவரைக்கும் நீங்க ஓடிக்கிட்டே இருங்க, உட்காரணும்னு நினைக்கவே நினைக்காதீங்க." அவ்ளோதான் சொன்னாரு.

ரெண்டாவது தடவை காத்துல ரெண்டு எட்டு வெறுமனே ஓடினேன், அப்புறம்தான் தெரிஞ்சது தரை இல்லன்னு.

மேல போனதும் சத்தம் பழகிடுச்சு. மணிக்கு முப்பது நாப்பது கிலோமீட்டர்தான் வேகம், ஆனா எங்கயும் போகாம நிக்கிற மாதிரி இருக்கும். கீழ செம்பனை மரம் ஒவ்வொண்ணும் பச்சை நட்சத்திரம் மாதிரி வரிசையா, தூரத்துல லங்காட் ஆறு வளைஞ்சு வளைஞ்சு, அந்தத் தட்டையான பூமியில தனியா ஜுக்ரா மலை. எங்க அம்மா பொறந்தது இந்தப் பக்கத்து தோட்டத்துலதான், அப்போ பால்மரம், அதாவது ரப்பர். தாத்தா விடியறதுக்கு முன்னாடி நெத்தியில விளக்கு கட்டிக்கிட்டு மரத்த சீவி பால் எடுக்கப் போன மண்ணு இது, அத நான் காலை வெயில்ல மேல இருந்து பார்த்துக்கிட்டு இருக்கேன்னு நினைச்சதும் கண்ணு கலங்கிடுச்சு, கண்ணாடிக்குள்ள துடைக்கவும் முடியல.

பன்னெண்டு நிமிஷம். இறங்கறப்போ இன்ஜினை நிறுத்தினதும் ஒரு அமைதி வரும் பாருங்க, கயித்துல காத்து உரசற சத்தம் மட்டும்தான். ஆள் உயரத்துக்கு வந்ததும் விங்கோட ரெண்டு பிரேக் கயிறையும் ஒண்ணா இழுத்தேன், மூணு எட்டு நடந்து நின்னேன்.

ஒன்பதரைக்கு மேல வெயில் ஏறி காத்து கீழ இருந்து கொதிக்க ஆரம்பிச்சிடும், அதனால அத்தோட மூட்டை கட்டிட்டு பந்திங்லயே பசியாறினோம். ரொட்டி சானாய் வர்றதுக்குள்ள அம்மாவுக்கு போன் பண்ணேன். கோயில் தெரிஞ்சுதான்னு கேட்டாங்க. அவ்ளோ தூரம் போக விடல மா, அடுத்த வாரம் கேட்டுப் பார்க்கறேன்னு சொன்னேன்.