கோயில் திருப்பணியில் பழைய கல்நிலையைக் காப்பாற்றியது

பாலாலயம் (திருப்பணி முடியும்வரை சாமியை வைக்கும் தற்காலிகச் சந்நிதி), நன்கொடை, ஸ்தபதி ஏற்பாடு எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. இழுத்தடித்தது மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் தோட்டக் கோயிலின் கருங்கல் நிலைவாசல்தான். வாசலுக்கு மேலே குறுக்காக வரும் உத்தரக்கல்லில் கஜலட்சுமி செதுக்கிய அந்த நிலை, புது மண்டபத்துக்குள் அப்படியே நிற்க வேண்டும் என்று கேட்டோம்.

கட்டட அனுமதி கவுண்டரில் இருந்தவர், “இடிக்கிற கட்டடத்தில் வாசலை எதற்குக் காட்டுகிறீர்கள்?” என்று பிளானைத் திருப்பிக் கொடுத்தார். திருத்திக்கொண்டு போனால், நில உரிமையாளரின் சம்மதக் கடிதம் எங்கே என்றார். முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் ஒரு அலைச்சல் மிச்சம். நிலம் இன்னும் தோட்டக் கம்பெனி பெயரில் இருந்தால் அந்தக் கடிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். பிளானில் நிலையைத் தனி நிறத்தில் காட்டி, இது இடிக்கப்படாது என்று மலாயிலும் எழுதச் சொல்லுங்கள். 2013இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி (பழங்காலக் கோயில்) இடிபட்டபோது, அது மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கப்படாமலே இருந்தது. அத்தனை பழைய சண்டிக்கே அந்தக் கதி.

கழற்றும்போது சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உத்தரக்கல், நிலைக்கால்கள், படிக்கல் என்ற வரிசையில் எடுங்கள். சாக்கட்டி எண் மழையில் போய்விடும். எண் பொறித்த தகடு கட்டுங்கள். 7 அடி உயரம், 10 அங்குலச் சதுரம் உள்ள ஒரு கால் ஏறக்குறைய 370 கிலோ வரும். சங்கிலி போட்டால் விளிம்பு சிதறும். நைலான் பட்டைதான் சரி.

கட்டடக் குத்தகையாளரோடு பெரிய வாக்குவாதம் கற்களை இணைக்கும் இரும்புக் கம்பிக்காக. சாதாரணக் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கல்லையே பிளந்துவிடும். 316 ரக எவர்சில்வர் ஊசி கேளுங்கள், விலை கூடினாலும். இணைப்புக்கு சுண்ணாம்பு 1, மணல் 3, சிமெண்ட் வேண்டாம். கூரைப் பாரம் நிலைமேல் இறங்கக் கூடாது. மேலே தனிக் கான்கிரீட் பீம் போட்டு, நடுவில் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். உத்தரக்கல் ஒரு கீறலுமில்லாமல் ஏறி உட்கார்ந்தபோதுதான் மூச்சு வந்தது.

பழைய எனாமலை எடுக்க மணல் பீய்ச்சவோ கிரைண்டர் வைக்கவோ விடாதீர்கள், உளித் தடமெல்லாம் போய்விடும். பெயிண்ட் நீக்கும் பசையை மறைவான மூலையில் சோதித்துப் பார்த்து, பிளாஸ்டிக் பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி பிரஷ் துருக்கறை விடும்.

கும்பாபிஷேகம் நெருங்கியபோது பெயிண்டர் நிலைக்கும் பச்சை எனாமல் அடிக்க வந்துவிட்டார். நல்லவேளை, ஆள் இருந்து தடுத்தோம். சுவர் வேலை முடியும்வரை துணி சுற்றிப் பலகை அடித்து மூடி வையுங்கள்.